கிளி ஜோசியம்

கிளி ஜோசியம் என்பது, பழக்கிய கிளி எடுத்துத் தரும் சீட்டைக் கொண்டு பலன் சொல்லும் தெருவோரத் தொழில். தமிழ்நாட்டிலிருந்து புலம்பெயர்ந்தவர்களோடு சென்ற இது, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலும் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவிலும் இடம்பிடித்தது. பயன்படுவது பெரும்பாலும் செந்தார்ப் பைங்கிளி; வளர்ந்த ஆணின் கழுத்தில் கருப்பும் இளஞ்சிவப்புமான ஆரம் இருக்கும்.

பழக்கத்தின் அடிப்படை நெல்மணி. கூண்டுக் கதவு திறந்ததும் கிளி நடந்து வந்து, மேல்சீட்டுகளை அலகால் ஒவ்வொன்றாகத் தள்ளி, ஒன்றை உருவிக் கொடுக்கும். அந்தக் கணமே ஒரு மணி கிடைக்கும். உமியை உரித்துத் தின்றுவிட்டுத் தானே கூண்டுக்குத் திரும்பும். குஞ்சிலிருந்தே ஒருவர் கையால் ஊட்டி, ஒரே பெயரால் அழைத்து வந்தால்தான் கிளிக்கு அவர்மேல் நம்பிக்கை ஊன்றும். அதட்டினால் கிளி கடிக்கும், சீட்டைத் தொடாது. சிறகை நறுக்குவதும் சிறு கூண்டில் அடைப்பதும் இத்தொழிலின் கொடுமையான பகுதி.

சிங்கப்பூரின் ‘மணி’ என்ற கிளி, 2010 உலகக் கோப்பைக் கால்பந்தின் நான்கு காலிறுதி முடிவுகளையும் சரியாகக் காட்டிப் புகழ்பெற்றது. இறுதியாட்டத்தில் அது எடுத்தது நெதர்லாந்து, வென்றது ஸ்பெயின்.

இந்தியாவில் நாட்டுக் கிளிகளைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மலேசியாவில் காப்பு இனங்களை உரிமமின்றி வைத்திருப்பதை 2010ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது.