மைய நரம்பு மிகையுணர்வு

தண்டுவடமும் மூளையும் வலிச் செய்திகளை அளவுக்கு மீறிப் பெருக்கிக் காட்டும் நிலை. 3 மாதங்களுக்கு மேல் நீடிக்கும், அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியை மருத்துவர்கள் நாள்பட்ட வலி என்கிறார்கள். அத்தகைய வலிகள் பலவற்றில் இந்த மிகையுணர்வுக்குப் பங்குண்டு.

1983-இல் லண்டனில் ஆய்வு செய்த கிளிஃபோர்ட் உல்ஃப் இதை எலிகளில் காட்டினார். காயம்பட்ட இடத்தை மரத்துப்போகச் செய்த பிறகும் தண்டுவடத்தின் கிளர்ச்சி நீடித்தது. வலியின் இருப்பிடம் காயம் மட்டுமே என்ற எண்ணத்தை அசைத்த முக்கியமான ஆய்வு அது.

வலி நரம்புகள் ஓயாமல் தூண்டப்படும்போது தண்டுவடத்தின் பின்பகுதியில் குளுட்டமேட் என்ற நரம்புத் தூதுப்பொருள் மிகுதியாகச் சுரக்கிறது. அதை ஏற்கும் என்எம்டிஏ ஏற்பிகளை அடைத்திருக்கும் மெக்னீசியம் விலக, நரம்பணுக்களுக்குள் கால்சியம் பாய்ந்து இணைப்புகள் வலுப்பெறுகின்றன. வலியைத் தணிக்க மூளைத்தண்டிலிருந்து இறங்கும் கட்டளைகளும் வலுக் குன்றலாம். பிறகு சட்டைத்துணி உரசினாலே வலிக்கும். காயம்படாத அக்கம்பக்கத்துக்கும் வலி பரவும்.

உடலெங்கும் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. மூட்டுத் தேய்மானம், ஒற்றைத் தலைவலி ஆகியவற்றிலும் இது காணப்படுகிறது.

ஸ்கேனில் எதுவும் தெரியாததால் நோயாளி கற்பனை செய்கிறார் என்று சொல்வது அநியாயம். அந்த வலி உண்மையானது. அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின், பிரகாபலின் போன்ற, நரம்பு மண்டலத்தில் செயல்படும் மருந்துகள் சிலருக்கு உதவுகின்றன. படிப்படியாகக் கூட்டப்படும் உடற்பயிற்சியும், நல்ல தூக்கமும், வலி உண்டாகும் விதத்தை நோயாளிக்கு விளக்குவதும் சிகிச்சையின் பகுதிகளே.