மருந்துக் கொம்பும் ஜான் புஷ்ஷும்

போர்களின் வரலாற்றில் தளபதிகளின் பெயர்களே முன்வரிசையில் நிற்கின்றன. படைவீரன் தோளில் தொங்கவிட்டிருந்த சிறு கருவிகளைச் செய்த கைகள் யாருடையவை என்று கேட்பார் அரியர். அத்தகைய கருவி ஒன்றையும், அதனை அழகுறச் செதுக்கிய ஒருவரையும் பற்றி நம் சங்கத்து இளைஞர்களுக்குச் சொல்ல விழைகின்றோம்.

18ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கியில் குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை இட்டு, கோலால் கிட்டிக்க வேண்டும். சக்கிமுக்கிக் கல் எஃகில் மோதி எழுப்பும் பொறி, பக்கத்துக் கிண்ணியிலுள்ள சிறிதளவு மருந்தைப் பற்றவைக்கும். அத்தீ ஒரு சிறு துளை வழியே குழலுக்குள் பாயும். மருந்து நனைந்தால் துப்பாக்கி வெறும் தடியே; பொறி பட்டாலோ மருந்து வைத்திருப்பவனையே எரித்துவிடும். இவ்விரு கேட்டிற்கும் வட அமெரிக்கக் காடுகளில் திரிந்தோர் கண்ட மாற்று, மாட்டுக் கொம்பு. அது எளிதிற் கிடைப்பது, நீர் புகாதது, துருப்பிடிக்காதது, உரசினாலும் பொறி எழுப்பாதது. மாட்டின் தோலையும் கொம்பையும் தொட்டமைக்காகத் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கப்பட்ட நமக்கு இச்செய்தி தனிச்சுவை உடையது.

செய்முறை கடினமன்று, பொறுமையே வேண்டும். கொம்பைக் கொதிநீரில் இட்டு உள்ளிருக்கும் எலும்பைக் கழற்றுவர். நுனியை அறுத்துத் துளையிடுவர். அகன்ற அடிவாய் கோணலாயிருப்பின், வெந்நீரில் இளக்கி, கூம்பிய மரக்கட்டை ஒன்றைச் செலுத்தி வட்டமாக்குவர். பின்னர் மரமூடியைப் பொருத்தி, சிற்றாணிகளால் இறுக்கி, இடுக்குகளைத் தேன்மெழுகால் அடைப்பர். புறத்தைக் கத்தியால் மெல்லிதாகச் சுரண்டினால் கொம்பு ஒளி ஊடுருவுமாறு தெளியும். வெயிலில் தூக்கிப் பிடித்தாலே எஞ்சிய மருந்தின் அளவு தெரியும்! நுனித்துளைக்கு ஒரு மரத்தக்கை. ஒரு தடவைக்குரிய மருந்தை அளக்க, குடைந்த மான்கொம்புத் துண்டு. துப்பாக்கித் துளையின் கரியைக் குத்தியெடுக்க ஒரு கம்பி. பெரும்பாலும் இவையனைத்தும் கையால் ஆக்கியவையே.

வழவழப்பான கொம்பு, கத்தி பிடித்த கையைச் சும்மா இருக்க விடுவதில்லை. 1754 முதல் 1763 வரை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அங்கு நடத்திய போரில், கோட்டைகளில் காத்துக்கிடந்த வீரர்கள் தம் பெயரையும் ஊரையும் ஆண்டையும் கொம்பில் பொறித்துக்கொண்டனர். ஆறுகளும் கோட்டைகளும் காட்டும் வரைபடங்களையும் சிலர் பொறித்தனர். கை வராதோர், கைவந்த தோழரை நாடினர்.

அவ்வாறு நாடப்பட்டவருள் முதன்மையானவர் ஜான் புஷ். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஷ்ரூஸ்பரி ஊரினர், கறுப்பினத்தவர். 1755, 1756 ஆண்டுகளில் ஜார்ஜ் ஏரிக்கரைப் பாசறைகளில் உடன் பணியாற்றிய வீரர்களுக்கு அவர் கொம்புகள் செதுக்கினார். வளைந்தோடும் அவருடைய எழுத்துகள், எழுத்தறியாத கையால் ஆகக்கூடியவை அல்ல. அவ்வட்டாரத்துக் கொம்புச் செதுக்குக் கலையின் முன்னோடியாக இன்று அறிஞர்கள் அவரைக் கொள்கின்றனர்.

இதனோடு சேர்த்துக் கருதவேண்டியது ஒன்றுண்டு. அதே மாசசூசெட்ஸ், 1656இல் கறுப்பினத்தவரையும் செவ்விந்தியரையும் ஊர்ப்படைப் பயிற்சியிலிருந்து விலக்கிச் சட்டம் செய்திருந்தது. ஆயினும் போர் வந்து ஆள் குறைந்தபோது அவர்களும் படையிற் சேர்க்கப்பட்டனர். பின்னர் விடுதலைப் போரிலும் இதே கதைதான். 1775 நவம்பரில் கறுப்பினத்தவரைச் சேர்க்கலாகாது என்று ஆணையிட்ட வாஷிங்டன், அவ்வாண்டு டிசம்பர் இறுதியிலேயே உரிமைபெற்ற கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொள்ள இசைந்தார்.

1757 ஆகஸ்டில் பிரெஞ்சுப் படை வில்லியம் ஹென்றிக் கோட்டையை முற்றுகையிட்டு வென்றது. அங்கே சிறைப்பட்ட ஜான் புஷ், பின்னர்ப் பிரான்சுக்குக் கப்பலேற்றப்பட்டு, கரை காணாமலே வழியில் இறந்தார். அவர் செதுக்கிய கொம்புகள் அமெரிக்காவில் இன்றும் காக்கப்படுகின்றன. அவற்றைத் தோளில் சுமந்த வீரர்களின் பெயர்கள், அவருடைய எழுத்தில், இன்றும் தெளிவாகப் படிக்கக் கிடைக்கின்றன.