மேஜர் தொமஸ் ஸ்கின்னரும் இலங்கை வீதிகளின் உருவாக்கமும்: கீழ்க்கரையிலிருந்து ஒரு பார்வை

மேஜர் தொமஸ் ஸ்கின்னர் (1804–1877) ஏறத்தாழ அரை நூற்றாண்டு இலங்கையில் பணியாற்றிய பிரித்தானியப் படை அதிகாரி, வீதிப் பொறியியலாளர். பொறியியலை அவர் எந்தக் கல்லூரியிலும் பயிலவில்லை. காடு வெட்டியும் மலையேறியும் வேலைத்தலத்திலேயே கற்றார். படைத் தேவைக்காகத் தொடங்கிய வீதி வேலை குடியியல் அரசின் நிரந்தரத் திணைக்களமாக மாறிய வரலாறு அவருடைய வாழ்க்கை வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது.

ஸ்கின்னர் இன்றைய கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் பிறந்தவர். அவருடைய தந்தை திருகோணமலையில் பீரங்கிப் படை அதிகாரியாக இருந்தார். இங்கிலாந்தில் பள்ளிப் படிப்பை இடையிலே விட்டுத் தந்தையிடம் வந்த சிறுவன், 1819-இல் இலங்கைத் துப்பாக்கிப் படையில் இரண்டாம் லெப்டினன்ட் ஆனான். அப்போது வயது பதினைந்து. திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு ஒரு படைப் பிரிவை நடத்திச் செல்வதே முதற் பணி. அவன் உடம்புக்கு அளவான சீருடை கிடைக்காததால் சாதாரண உடையிலேயே அணியின் முன்னால் நடந்தான். கிழக்குத் துறைமுகத்திலிருந்து தலைநகருக்கு அக்காலத்தில் காட்டுப் பாதையே இருந்தது. வீதியில்லாத நாடு எப்படியிருக்கும் என்பதை ஸ்கின்னர் முதலில் தன் கால்களாலேயே அறிந்துகொண்டார்.

கண்டி இராச்சியம் 1815-இல் பிரித்தானியர் கைக்கு வந்தது. 1817–18-இல் ஊவாவில் எழுந்த கிளர்ச்சியை அடக்கியபோது, மலைநாட்டுக்குப் படையை விரைவாக அனுப்ப வழியில்லை என்பதை அரசு உணர்ந்தது. 1820-இல் பதில் தேசாதிபதியாகவும் பின்னர் 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாகவும் இருந்த சேர் எட்வேட் பார்ன்ஸ் கொழும்பு–கண்டி வீதியைத் தம் ஆட்சியின் தலையாய வேலையாகக் கொண்டார். திட்டத்தின் மூளை அரச பொறியியற் படைக் கப்டன் டோசன். அவர் நினைவாக எழுந்த கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கிறது. அந்த வீதியின் கடினமான 11 மைல் பகுதி ஸ்கின்னரிடம் ஒப்படைக்கப்பட்டது. பதினாறு வயது இளைஞனுக்குக் கிடைத்த ஆட்கள், வீதி வேலை கண்டறியாத சுமார் 200 கண்டிக் கிராமத்தவர்.

அந்தக் கிராமத்தவர் விரும்பி வந்தவர்கள் அல்லர். நிலத்தை அனுபவிப்பதற்கு ஈடாக அரசனுக்கு ஊழியம் செய்யும் இராசகாரிய முறையைப் புதிய ஆட்சி வீதி வெட்டுவதற்குத் திருப்பிக்கொண்டது. கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1832-இல் அம்முறை ஒழிந்தது. அதற்குப் பின் முன்னோடிப் படை எனப்பட்ட வேலைப்படையே வீதிகளைப் போட்டது. அதன் ஆட்களில் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து திரட்டப்பட்டவர்கள். காப்பித் தோட்டங்களுக்குப் பெருந்தொகையாக ஆட்கள் வருமுன்னரே தமிழ்த் தொழிலாளியின் உழைப்பு மலைநாட்டு வீதிகளில் இறங்கிவிட்டது. காய்ச்சலுக்கு அவர்கள் பலியானதைச் சேர்க்காமல் எழுதும் எந்த வீதி வரலாறும் பாதி வரலாறே.

நில அளவையையும் ஸ்கின்னர் தாமாகவே கற்றார். கோணமானியை இயக்கப் பழகி, கண்டி மாகாணங்களின் வரைபட வேலைக்காக மலையுச்சிகளில் மாதக்கணக்கில் தங்கினார். காட்டில் யானைகளின் நடமாட்டத்தைக் கூர்ந்து கவனித்தவர் அவர். சேர் எமர்சன் டெனன்ட் 1859-இல் வெளியிட்ட இலங்கை பற்றிய பெருநூலில், குளத்தில் இரவில் நீர் அருந்த வந்த யானைக் கூட்டத்தைப் பற்றி ஸ்கின்னர் எழுதியளித்த வருணனை இடம்பெற்றுள்ளது.

1841-இல் அவர் வீதி ஆணையாளர் ஆனார். நாடெங்கும் வீதி வேலை ஒரே தலைமையின் கீழ் வந்தது. பிற்காலப் பொதுவேலைத் திணைக்களத்தின் வேர் இதுவே. ஆனால் புதிய வீதிகள் எந்தத் திசையில் ஓடின என்பதைப் பார்க்க வேண்டும். முதலில் படை போகும் இடத்துக்கு. பிறகு காப்பி விளையும் இடத்துக்கு. பணம் அங்கே இருந்தது, செல்வாக்கும் அங்கே இருந்தது. 1848-இன் வீதிச் சட்டம் ஆண்டுக்கு ஆறு நாள் வேலை, இல்லையேல் அதற்கீடான பணம் என்று வயதுவந்த ஆண்கள் மீது சுமத்தியது. அவ்வாண்டில் மாத்தளையிலும் குருநாகலிலும் மூண்ட கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம். தோட்டக்காரனின் வண்டி ஓட ஏழைக் குடியானவன் வேலை செய்ய வேண்டியிருந்தது என்ற குறைக்கு நியாயம் இருந்தது. 1849-இல் ஸ்கின்னர் எழுதிய குறிப்பொன்று, பிரித்தானிய ஆட்சியில் உள்நாட்டுச் சமூகம் அடைந்த சீர்கேட்டை, குறிப்பாகச் சாராயக் கடைகளின் பெருக்கத்தை, வெளிப்படையாகக் கண்டித்தது. அரசின் வீதிகளைப் போட்டவரே இதையும் எழுதினார் என்பது அவர்மீது மதிப்பை உயர்த்துகிறது.

காப்பி விளையாத கீழ்க்கரையின், அதாவது கிழக்குக் கரையோரத்தின், கதை வேறு. கல்முனை, நற்பிட்டிமுனை, சம்மாந்துறை, நிந்தவூர் ஊர்களின் வாழ்வு நெல்வயலை நம்பியது. போக்குவரத்துக்குக் கடலும் மட்டக்களப்பு வாவியும் தோணியும் இருந்தன. மலைநாட்டோடு கொடுக்கல் வாங்கல் தவளத்தால் நடந்தது: முஸ்லிம் வணிகர் பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் துணியும் ஏற்றிப்போய்ப் பாக்கும் மிளகும் கொண்டுவந்தனர். வண்டி வீதிகள் பரவப் பரவ அந்த வணிகம் தேய்ந்தது.

இக்கரைக்கு அரசின் பொறியியல் முதலில் நீராகவே வந்தது. 1855 முதல் 1860 வரை தேசாதிபதியாக இருந்த சேர் ஹென்றி வார்ட், 1856-இன் நீர்ப்பாசனச் சட்டத்தைத் தொடர்ந்து இறக்காமம், அம்பாறைக் குளங்களைப் புதுப்பிக்கும் வேலையைத் தொடக்கினார். பட்டிப்பளை ஆற்றை நம்பிய வயல்களுக்கு அது பெரும் பேறு. அதே ஆற்றின் நீரே 1949-இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் சேனநாயக்க சமுத்திரமாகத் தேக்கப்பட்டது. தரைவழி மெதுவாகவே வந்தது: மட்டக்களப்புக்கு ரயில் 1928-இல்தான் வந்தது. நற்பிட்டிமுனைக்கு மேற்கே நாவிதன்வெளிக்குப் போகும் கிட்டங்கித் தாம்போதி மாரி மழையில் இன்னும் நீரில் மூழ்குகிறது.

ஸ்கின்னர் 1867-இல் ஓய்வுபெற்றபோது இலங்கையில் ஏறத்தாழ 3,000 மைல் வீதி இருந்தது. அவர் பணியில் சேர்ந்தபோது இருந்த நிலையோடு ஒப்பிட்டால் இது மாபெரும் மாற்றம். 1877-இல் இங்கிலாந்தில் காலமானார். அவர் எழுதிவைத்த தன்வரலாற்றை மகள் பதிப்பித்து 1891-இல் ‘இலங்கையில் ஐம்பது ஆண்டுகள்’ என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் வெளியிட்டார். 1849-இன் குறிப்பும் அதில் சேர்க்கப்பட்டுள்ளது. நூலின் பெரும்பகுதி கண்டி நாட்டு வேலைகளைச் சொல்வது. கீழ்க்கரையின் வீதி வரலாற்றைத் தொடர விரும்பும் ஆய்வாளர் வார்ட்டின் குறிப்புகளையும், மட்டக்களப்பு அரசாங்க அதிபர்களின் ஆண்டு நிருவாக அறிக்கைகளையும் அதனுடன் சேர்த்துப் படிக்க வேண்டும்.