படத்துக்கு அடியில் பாட்டு

சிடியைக் கையில் எடுப்பவர்கள் பளபளக்கும் அடிப்பக்கத்தில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்வார்கள். படம் போட்ட மேல்பக்கத்தை மேசையில் எப்படியும் தேய்ப்பார்கள். ஆபத்து மேலேதான் அதிகம். 1.2 மில்லிமீட்டர் கனத்தில் ஏறக்குறைய முழுவதும் பாலிகார்பனேட் என்ற தெளிந்த பிளாஸ்டிக். கீழிருந்து புறப்படும் லேசர் அதைத் துளைத்துப் போய், மேல்முகத்தை ஒட்டிப் பதிந்திருக்கும் நுண்குழிகளைப் படிக்கிறது. குழிகளின்மேல் மெல்லிய அலுமினியம். அதன்மேல் தலைமுடியைவிடச் சன்னமான ஒரு லேக்கர் பூச்சு. அதற்கும் மேலே அச்சு மை. அவ்வளவுதான் பாதுகாப்பு. சிடியில் படம் ஏறிய கதை, இந்த மெல்லிய கூரையைப் பெயர்க்காமல் அதன்மேல் கோலம் போடப் பழகிய கதை.

1982 ஆகஸ்டில், ஜெர்மனியின் ஹனோவருக்குப் பக்கத்தில் லாங்கன்ஹாகன் பாலிகிராம் ஆலையிலிருந்து விற்பனைக்கான முதல் சிடிகள் வந்தன: ஆபா குழுவின் 'தி விசிட்டர்ஸ்'. தொடக்க காலத்தில் ஸ்க்ரீன் பிரிண்டிங்தான் முதன்மையான வழி. ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்க்ரீன். புற ஊதா விளக்கின் கீழே போனதும் மை இறுகிவிடும். அன்றைய வடிவமைப்பாளர்களுக்குச் செலவில்லாமல் ஒரு நிறம் கிடைத்தது. மை படாத இடமெல்லாம் வெள்ளியாக மின்னும். வார்னர் குழுமம் துப்பாக்கிக் குறி போன்ற வட்டத்தையும் குறுக்குக்கோட்டையும் தட்டு முழுக்க வண்ணத்தில் அச்சிட்டது. 'டார்கெட் சிடி' என்று அவற்றைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். பின்னால் வந்த பல புகைப்பட சிடிகளைவிட அவை அழகு என்பேன்.

புகைப்படம் வந்ததும் அதே வெள்ளி இடைஞ்சலானது. ஸ்க்ரீனில் முகம் புள்ளிப்புள்ளியாகத் தெரியும். ஆஃப்செட் அச்சில் நுணுக்கம் கிடைத்தது. ஆனால் மை மெல்லிசு, அடியிலிருக்கும் கண்ணாடி போன்ற அலுமினியம் எட்டிப்பார்த்து முகத்தைச் சாம்பலாக்கிவிடும். அதனால் முதலில் வெள்ளையை ஒரு பூச்சாக அடித்துவிட்டு, அதன்மேல் நான்கு நிறம்.

லேக்கர் சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரத்து பிடிஓ ஆலை காட்டியது. 1988 முதல் 1993 வரை அங்கே தயாரான சிடிகளில் பல, வருடங்கள் போகப்போகச் செம்பழுப்பாக மாறின. உறைக் காகிதத்திலிருந்த கந்தகம் லேக்கரைத் தாண்டி உலோகப் பூச்சை அரித்திருந்தது. பாட்டும் போயிற்று.

பிறகு பதிவு செய்யும் சிடி வீட்டுக்கு வந்தது. மார்க்கரில் கிறுக்கிய தட்டை யாருக்குக் கொடுப்பது? வட்டமாக வெட்டிய ஸ்டிக்கர்கள் கடைக்கு வந்தன. நம்மூர் ஸ்டுடியோக்கள் கல்யாண சிடிக்கு மணமக்கள் படத்தை ஒட்டிக் கொடுத்த காலம் அது. நடுத்துளை யாருடைய மூக்கிலும் விழாமல் இருவருக்கும் இடையே வரவேண்டும் என்பதே அங்கே பெரிய கலை. ஆனால் ஸ்டிக்கர் மையம் தவறி ஒட்டினால், வேகமான டிரைவில் தட்டு அதிரும். ஈரப்பதம் மாறும்போது காகிதம் விரிந்து சுருங்கித் தட்டை வளைக்கும். பிடிக்கவில்லையே என்று உரித்தால் உலோகப் பூச்சும் கூடவே கிளம்பி வந்துவிடும்.

மையும் காகிதமும் வேண்டாம், லேசரே படம் வரையட்டும் என்று நினைத்தவர் டேரில் ஆண்டர்சன். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் கொர்வாலிஸில் இருந்த எச்பி பொறியாளர். யமஹா 2002-லேயே பதிவுப் பக்கத்தின் மிச்ச இடத்தில் படம் எரிக்கும் டிரைவை விற்றிருந்தது. ஆண்டர்சனின் லைட்ஸ்கிரைப், லேபிள் பக்கத்திலேயே ஒரு சாயத்தைப் பூசியது. பாட்டைப் பதிந்ததும் தட்டைத் தலைகீழாகப் போட வேண்டும். அதே லேசர் சாயத்தைக் கருக்கிப் படம் வரையும். சுழலும் தட்டில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று டிரைவுக்குத் தெரியவேண்டுமே? அதற்காக நடுத்துளையைச் சுற்றி ஒரு வளையத்தில் நுண்குறிகளை அச்சிட்டிருந்தார்கள். ஆகவே, இன்று வரைந்த படத்தோடு நாளை ஒரு வரியைப் பிசகாமல் சேர்க்கலாம். கூரையைத் தொடாமல் வரையும் வழிகளில் எனக்குப் பிடித்தது இதுதான். லைட்ஸ்கிரைப் விற்பனைக்கு வந்தது 2005 வாக்கில். ஒரே நிறம், முழுப் படத்துக்கு இருபது நிமிடத்துக்கும் மேல், வெயிலில் வைத்தால் மங்கும், தனி டிரைவும் தனித் தட்டும் வேண்டும். மக்கள் பொறுக்கவில்லை.

நிலைத்தது இங்க்ஜெட். தட்டிலேயே மை உறிஞ்சும் வெள்ளைப் பூச்சு. பிரிண்டரில் அதைப் படுக்கவைக்க ஒரு டிரே. எப்சன் பிரிண்டர்கள் இதை வீட்டு வேலையாக்கின. ஈரக்கை பட்டால் படம் கலைந்தது. ஜப்பானின் தையோ யூடன் 'வாட்டர்ஷீல்ட்' என்று நீர் தாங்கும் பூச்சைக் கொண்டுவந்தது.

அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், நூலகங்களுக்காக 2003-ல் வெளியிட்ட கையேடு ஸ்டிக்கரே கூடாது என்கிறது. பால்பாயின்ட் பேனாவும் கரைப்பான் கலந்த மார்க்கரும் ஆகாது. நீர் மையுள்ள மென்முனைப் பேனா பரவாயில்லை. எழுதியே தீரவேண்டுமென்றால், துளையைச் சுற்றியுள்ள தெளிந்த வளையத்தில் எழுதலாம். அங்கே பாட்டு எதுவும் இல்லை.