நிலம் என்னும் கனவு: 'மேற்குத் தொடர்ச்சி மலை' திரைப்படமும் கம்பம் பள்ளத்தாக்கின் உழைப்பு வரலாறும்

முன்னுரை

2018ஆம் ஆண்டில் கனவைப் பொருளாகக் கொண்ட இரு தமிழ்த் திரைப்படங்கள் வெளிவந்தன. டிசம்பரில் வெளியான அருண்ராஜா காமராஜின் 'கனா', உழவர் மகள் ஒருத்தி இந்திய மகளிர் கிரிக்கெட் அணியில் இடம்பெற்று வெல்வதைக் காட்டியது. அதற்கு முன், ஆகஸ்டு 24 அன்று வெளியான லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை', ரங்கசாமி என்னும் சுமைதூக்கும் தொழிலாளி சொந்தமாகச் சிறிது நிலம் வாங்க விழைவதைக் காட்டியது. முதற்கனவு நிறைவேறுகிறது, இரண்டாவது, கைக்கு வந்தபின் பறிபோகிறது. ரங்கசாமியின் இழப்பு முயற்சிக் குறைவால் நேர்ந்ததன்று. அதன் வேர் கம்பம் பள்ளத்தாக்கின் நில, உழைப்பு உறவுகளில் உள்ளது என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

பள்ளத்தாக்கும் இரு மலைகளும்

கம்பம் பள்ளத்தாக்கின் கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும், மேற்கே கேரள எல்லை மலைகளும் அமைந்துள்ளன. மேகமலையில் தேயிலைத் தோட்டங்களும், மேற்கு மலைகளில் ஏலத்தோட்டங்களும் பரவியுள்ளன. 1895இல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டபின் பள்ளத்தாக்கின் ஒரு பகுதி நன்செய் வளம் பெற்றது. பாசனம் எட்டாத அடிவார ஊர்களில் மானாவாரி வேளாண்மையும் தோட்டக்கூலியுமே வாழ்வாதாரமாயின. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்துடன் இணைந்தன. தோட்டம் ஒரு மாநிலத்திலும் தொழிலாளர் வீடு மறு மாநிலத்திலுமாக இருந்தன. எனினும் போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி வழியாகக் கூலிக்குச் செல்வது நிற்கவில்லை. ஏலக்காய் வணிகத்தின் மையமாகப் போடிநாயக்கனூர் நிலைபெற்றது.

சுமையும் சேமிப்பும்

மலையிலிருந்து ஏலக்காய் மூட்டைகளை ஒற்றையடிப் பாதை வழியே அடிவாரத்திற்குக் கொண்டுவருவதே ரங்கசாமியின் தொழில். அவனது நிலக்கனவு சேமிப்பை மட்டுமே நம்பியுள்ளது. முதன்முறை நிலப்பதிவு நடவாமற் போகிறது. பிறகு, பணம் போட்டு வாங்கிய மூட்டை மலைச்சரிவில் விழுந்து சிதறுகிறது. ஒரு மூட்டையின் இழப்பைக்கூடத் தாங்க இயலாத அளவிலேயே அவனது சேமிப்பு இருந்தது என்பதை இக்காட்சி புலப்படுத்துகிறது. இறுதியில் பிறர் உதவியால்தான் நிலம் கிடைக்கிறது. அன்றாடக் கூலியிலிருந்து நில உடைமைக்குச் செல்ல உழைப்பு மட்டும் போதுமானதாக இல்லை.

சாலை, கடன், காற்றாலை

நிலம் கிடைத்தபின் மூன்று மாற்றங்கள் ரங்கசாமியின் வாழ்வைத் தீர்மானிக்கின்றன. தோட்டத்திற்குச் சாலை வந்தால் சுமைப்பணி குறையும் என்னும் அச்சம் தொழிற்சங்கப் போராட்டமாகிறது. அதன் தொடர்ச்சியாக நிகழும் கொலை வழக்கில் அவன் சிறை செல்கிறான். அவன் இல்லாத காலத்தில் மனைவி ஈஸ்வரி தனித்துப் பயிரிடுகிறாள். விதைக்கும் உரத்திற்கும் வாங்கிய கடன் நிலத்தை விழுங்குகிறது. பின்னர் அந்நிலத்தில் காற்றாலை எழுகிறது. திரும்பிவரும் ரங்கசாமி, தான் உழுத மண்ணிலேயே காவலாளியாகச் சம்பளம் பெறுகிறான். இங்கு நிலத்தை வலிந்து பறிக்கும் தனியொரு வில்லன் இல்லை. பத்திரம், கடன், விற்பனை என ஒவ்வொரு படியும் வழக்கமான நடைமுறைக்குள்ளேயே நிகழ்கிறது. திரைப்படத்தின் வரலாற்று மதிப்பு இதில்தான் அடங்கியுள்ளது.

ஈஸ்வரியின் பங்கு தனிக்கவனத்திற்குரியது. உழைப்பும் கடன் பொறுப்பும் அவள்மீது விழுகின்றன. கனவோ கணவன் பெயரிலேயே பேசப்படுகிறது.

இரு கனவுகள்

'கனா'வில் நாயகியின் தந்தையும் கடன்பட்ட உழவரே. மகளின் வெற்றி அக்கடனைப் பொதுவெளியில் பேசும் வாய்ப்பைத் தருகிறது. அங்குக் கனவு ஊருக்கு வெளியே உள்ளது. அதனை அடையத் தேர்வு முறை என்னும் ஏணி இருக்கிறது. ரங்கசாமியின் கனவு ஊருக்குள்ளேயே, கண்ணுக்கு எட்டிய தொலைவில் உள்ளது. அதற்கு ஏணி இல்லை. எனவே, விடாமுயற்சி வெல்லும் என்னும் பொதுக்கூற்றைச் சமூக நிலைமைகளிலிருந்து பிரித்து ஏற்பது பொருந்தாது.

முடிவுரை

காற்றாலைகளின் நடுவே ரங்கசாமி சிறு புள்ளியாகும் இறுதிக்காட்சி தனிமனிதத் தோல்வியைக் குறிக்கவில்லை. நிலத்தின் பயனைத் தீர்மானிக்கும் உரிமை உழைப்போரிடமிருந்து விலகியதை அது பதிவுசெய்கிறது. 2021இல் திருவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. தோட்டம், காற்றாலை, காப்பகம் எனப் பயன்கள் மாறிவரும் இம்மலைநாட்டின் வரலாற்றை எழுதுவோர், ஆவணங்களில் இடம்பெறாத சுமைதூக்குவோரின் வாழ்வை அறிய இத்திரைப்படத்தைத் துணைச்சான்றாகக் கொள்ளலாம்.