பந்தயத்தில் பிறந்த மொழி

1972. கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ ஊரில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். நடைவழியில் ஆலன் கே, டான் இங்கால்ஸ், டெட் கேலர் மூவரும் பேசிக்கொண்டு நிற்கிறார்கள். உலகத்திலேயே ஆற்றல் மிக்க நிரல்மொழி என்றால் அதன் விளக்கம் எத்தனை பக்கம் வரும்? ஒரே பக்கம் போதும் என்றார் கே. எங்கே, எழுதிக் காட்டும் பார்ப்போம் என்றார்கள் மற்ற இருவரும்.

வாயை விட்டாயிற்று, தப்ப முடியாது. இரண்டு வாரம் விடிகாலை 4 மணிக்கு எழுதத் தொடங்கி 8 மணிவரை மல்லுக்கட்டினார். லிஸ்ப் மொழி தன்னைத் தானே அரைப் பக்கத்தில் விளக்கிவிடும் என்பது அவருக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் வாயை விட்டிருந்தார். நார்வேயில் பிறந்த சிமுலா மொழியும் அவர் மனதில் ஊறிக்கிடந்தது. அதோடு கே உயிரியல் படித்தவர். உடம்பின் ஒவ்வொரு செல்லும் தன் வீட்டு விவகாரத்தைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, பக்கத்துச் செல்லுக்குச் செய்தி மட்டும் அனுப்புகிறது. நிரலும் அப்படி இருந்தால் என்ன? செல்லைப் போன்ற ஆப்ஜெக்ட்தான் எல்லாம், நடப்பதெல்லாம் செய்திப் பரிமாற்றம். சட்டம் இது ஒன்றுதான் என்றால் ஒரு பக்கம் தாராளம்.

அந்தக் காகிதத்தைச் சில நாட்களில் பேசிக் மொழியில் ஓட வைத்தார் இங்கால்ஸ். 3 + 4 என்று கேட்டதற்கு, ஆற அமர 7 என்று பதில் வந்தது. 3 என்ற ஆப்ஜெக்டுக்கு ‘4-ஐக் கூட்டிக்கொள்’ என்று ஒரு செய்தி போயிருக்கிறது, அவ்வளவுதான்.

பெயர் ஸ்மால்டாக். நம் மொழியில் திண்ணைப் பேச்சு என்று சொல்லலாம். அன்றைக்குக் கணினி உலகில் ஜீயஸ், ஓடின், தோர் என்று தெய்வப் பெயர்களாகச் சூட்டிக்கொண்டிருந்தார்கள். சாதுவான பெயராக இருந்தால், ஏதாவது நன்றாகச் செய்யும்போது பார்ப்பவர்கள் ஆச்சரியப்படுவார்கள் என்பது கேயின் கணக்கு. எனக்குப் பிடித்த பெயர்சூட்டல் இது.

ஆச்சரியம் கருவிகளில் காத்திருந்தது. இங்கால்ஸும் அதே ஆய்வுக்கூடத்தின் அடேல் கோல்ட்பர்க்கும் மற்றவர்களும் அடுத்த எட்டு ஆண்டுகளில் வளர்த்தெடுத்ததை மொழி என்பதைவிட ஊர் என்பதே பொருத்தம். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் ஜன்னல்கள், சட்டென முளைக்கும் மெனு, நிரலை மேயும் பிரவுசர், ஆப்ஜெக்டின் வயிற்றைத் திறந்து காட்டும் இன்ஸ்பெக்டர் எல்லாமே ஸ்மால்டாக்கிலேயே எழுதப்பட்டவை. பிழை வந்தால் நிரல் செத்து விழாது. நின்ற இடத்தில் பிழை தேடும் கருவியான டீபக்கர் திறக்கும். அங்கேயே திருத்தி, விட்ட இடத்திலிருந்து ஓட்டலாம். நாள் முடிவில் ஜன்னல்கள் உட்பட மொத்தத்தையும் ‘இமேஜ்’ என்ற ஒரே கோப்பில் உறையவைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

1979 இறுதியில் ஸ்டீவ் ஜாப்ஸும் ஆப்பிள் ஆட்களும் பார்க்க வந்தார்கள். காட்டவே கூடாது என்று கோல்ட்பர்க் சண்டை போட்டுப் பார்த்தார், மேலிடம் கேட்கவில்லை. திரையில் எழுத்து வரிவரியாகத் துள்ளுகிறதே, வழுக்கிக்கொண்டு நகராதா என்று கேள்வி எழுந்தது. இங்கால்ஸ் ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலேயே அந்த நிரலைத் திறந்து ஒரு நிமிடத்துக்குள் மாற்றிக் காட்டினார். வந்தவர்கள் ஜன்னல்களை மனதில் பதித்துக்கொண்டு போனார்கள். அந்த ஒரு நிமிடத்தின் அருமையை அங்கேயே விட்டுவிட்டார்கள் என்பது என் கட்சி.

1981 ஆகஸ்டில் ‘பைட்’ இதழ் அட்டையில் பலூன் படம் போட்டு ஸ்மால்டாக்கை உலகுக்கு அறிமுகம் செய்தது. ஆனால் விலை அதிகம், அதற்குத் தேவைப்பட்ட கணினியும் ஆனைவிலை. 1995-இல் ஜாவா இலவசமாக வந்ததும் கூட்டம் அந்தப் பக்கம் போனது. பகுதி பகுதியாக எடுத்துக்கொண்டவர்கள்தான் நிறைய. ரூபி செய்தி அனுப்பும் முறையை எடுத்துக்கொண்டது. கென்ட் பெக் ஸ்மால்டாக்குக்காக எழுதிய சோதனைக் கருவி ஜாவாவுக்குப் போய் ஜேயூனிட் ஆயிற்று. முழுசாக எடுத்தவர்கள் குறைவு.

முழுசாகப் பார்க்க ஆசையென்றால், வழிவந்த மொழியான ஃபாரோ இலவசமாகக் கிடைக்கிறது. அதில் 3 + 4 * 2 என்று கேட்டுப் பாருங்கள். 14 என்று சொல்லும். பள்ளிக்கூடக் கணக்கை நினைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். செய்திகள் வந்த வரிசையில் பதில் சொல்லியிருக்கிறது.