எல்எஸ் மறைத்த ஃபைல்கள்: ஒரு புள்ளியின் கதை

இன்னைக்கு எபிசோடை ஒரு சின்ன வேலையோட ஆரம்பிப்போம். உங்க கையில ஆண்ட்ராய்டு போன் இருந்தா, ஃபைல் மேனேஜரைத் திறங்க. செட்டிங்ஸில் மறைந்திருக்கும் ஃபைல்களைக் காட்டச் சொல்லும் ஆப்ஷனை ஆன் பண்ணிட்டு, வாட்ஸ்அப்போட மீடியா ஃபோல்டருக்குள்ள போய்ப் பாருங்க. பெரும்பாலும் அங்கே "ஸ்டேட்டஸஸ்" என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். நீங்கள் பார்த்த ஸ்டேட்டஸ் படங்களும் வீடியோக்களும் அதற்குள் வந்து உட்கார்ந்திருக்கும். ஸ்டேட்டஸ் சேவர் ஆப்கள் படங்களை எடுப்பதும் அங்கிருந்துதான்.

அந்த ஃபோல்டருக்குப் பூட்டு கிடையாது. பாஸ்வேர்டு கிடையாது. பெயருக்கு முன்னால் ஒரே ஒரு புள்ளி, அவ்வளவுதான். தமிழ்ல ஒரு எழுத்து மேல புள்ளி வெச்சா உயிர் போயிடும். இங்கே பெயருக்கு முன்னாடி புள்ளி வெச்சா உருவமே போயிடுது! இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? அதைத் தேடிப் போனால், 50 வருஷத்துக்கும் முன்னால், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இருந்த பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் எழுதப்பட்ட ஒரு குட்டி புரோகிராமில் போய் நிற்போம். அதன் பெயர் எல்எஸ்.

டெர்மினலைத் தொட்டிருந்தால் எல்எஸ் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த இரண்டு எழுத்தைத் தட்டி எண்டர் கொடுத்தால், நீங்கள் நிற்கும் ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது என்று வரிசையாகச் சொல்லும். லினக்ஸ், மேக் இரண்டிலும் உண்டு. டெர்மினலில் உட்காரும் யாரும் முதலில் கற்றுக்கொள்ளும் கமாண்ட்களில் ஒன்று.

இந்தப் பெயருக்கும் ஒரு வம்சாவளி இருக்கிறது. 1961-இல் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ குழுவினர் சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பைச் செய்துகாட்டினார்கள். ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம் என்று நிரூபித்த அமைப்பு அது. அதில் ஃபைல்களின் பட்டியலைப் பார்க்க "லிஸ்ட்எஃப்" என்று தட்ட வேண்டும். அடுத்து வந்த மல்டிக்ஸில் அது "லிஸ்ட்" ஆனது. அதற்கு ஒரு சுருக்கப் பெயரும் கொடுத்தார்கள்: எல்எஸ்.

மல்டிக்ஸ் திட்டத்தில் எம்ஐடியோடு பெல் லேப்ஸும் கூட்டு சேர்ந்திருந்தது. 1969-இல் பெல் லேப்ஸ் விலகிக்கொண்டது. அந்தத் திட்டத்தில் வேலை பார்த்த கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிச்சி போன்றவர்கள், கிடைத்த ஒரு பழைய பிடிபி-7 கம்ப்யூட்டரை வைத்துத் தங்களுக்கென்று ஒரு சிறிய அமைப்பைக் கட்ட ஆரம்பித்தார்கள். அதுதான் யூனிக்ஸ். அந்த மெஷினின் மெமரி, இன்றைய கணக்கில் சுமார் 18 கிலோபைட். யோசிச்சுப் பாருங்க: ஃபேமிலி குரூப்பில் தினமும் வரும் ஒரு குட்மார்னிங் படம் அதில் அடங்காது.

அப்போது பெரும்பாலும் ஸ்கிரீனும் கிடையாது. டெலிடைப் என்ற மெஷின்தான். டைப்ரைட்டர் மாதிரி, தட்டுவதையும் பதிலையும் காகிதத்தில் அடித்துக் காட்டும். புகழ்பெற்ற மாடல் 33 டெலிடைப்பின் வேகம் நொடிக்கு 10 எழுத்து. எட்டு எழுத்துப் பெயர் ஒன்றை அடித்து, அடுத்த வரிக்குப் போவதற்குள் ஒரு நொடி ஓடிவிடும். 50 ஃபைல் இருந்தால் கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் கடகடவென்று சத்தம். சாவிகளும் அழுத்தக் கடினமானவை. கமாண்ட் பெயர்கள் இவ்வளவு சுருக்கமாக இருந்ததன் பின்னணி இதுதான். காப்பி பண்ண சிபி, நகர்த்த எம்வி, பட்டியலுக்கு எல்எஸ்.

இப்போ புள்ளிக்கு வருவோம். பிடிபி-7-க்குப் பிறகு அவர்கள் யூனிக்ஸைப் பெரிய மெஷினான பிடிபி-11-க்குக் கொண்டுபோனார்கள். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று மரம்போலக் கிளைவிடும் அமைப்பு அங்கே உருவானது. மரத்தில் ஏறி இறங்க வசதியாக, ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் இரண்டு சிறப்புப் பெயர்களை வைத்தார்கள். ஒற்றைப் புள்ளி என்றால் "இதே ஃபோல்டர்". இரட்டைப் புள்ளி என்றால் "இதற்கு மேலே உள்ள ஃபோல்டர்".

வசதிதான். ஆனால் எல்எஸ் தட்டும்போதெல்லாம் இந்த இரண்டும் பட்டியலில் வந்து நின்றன. எல்லா ஃபோல்டரிலும் இருக்கும் விஷயத்தை ஒவ்வொரு முறையும் எதுக்கு அடிச்சுக் காட்டணும்? அதனால் தாம்ப்சனோ ரிச்சியோ, இருவரில் ஒருவர், எல்எஸ்ஸில் ஒரு சின்னச் சோதனையைச் சேர்த்தார்கள். 1980-இல் பெல் லேப்ஸில் சேர்ந்து அவர்களோடு வேலை பார்த்த ராப் பைக், 2012-இல் கூகுள் பிளஸ்ஸில் எழுதிய ஒரு பதிவில் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்.

அந்தச் சோதனை எப்படி இருந்திருக்க வேண்டும்? "பெயர் ஒற்றைப் புள்ளியா? இல்லை இரட்டைப் புள்ளியா? அப்படியென்றால் விட்டுவிடு." எழுதியது என்ன? "பெயரின் முதல் எழுத்து புள்ளியா? விட்டுவிடு." கொஞ்சம் சின்னது, எழுதச் சுலபம். அன்றைக்குப் புள்ளியில் தொடங்கும் வேறு பெயர்களை யார் வைக்கப் போகிறார்கள்?

1971 நவம்பர் 3 என்று தேதியிட்ட யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே இது பதிவாகிவிட்டது. புள்ளியில் தொடங்கும் பெயர்களை எல்எஸ் வழக்கமாகக் காட்டாது, எல்லாம் வேண்டுமென்றால் மைனஸ் ஏ சேர்க்க வேண்டும். குறுக்குவழியாக வந்தது, சட்டமாகிவிட்டது.

அப்புறம் மத்தவங்க சும்மா இருப்பாங்களா? "ஓஹோ, புள்ளி வெச்சா யார் கண்ணிலும் படாதா!" என்று புரோகிராமர்கள் தங்கள் செட்டிங்ஸ் ஃபைல்களை எல்லாம் பயனரின் ஹோம் ஃபோல்டரில் புள்ளி வைத்து இறக்கினார்கள். 1970-களின் கடைசியில் வந்த ஷெல்களே இதைச் செய்தன. பிறகு எஸ்எஸ்எச் சாவிகள், 2005-இல் வந்த கிட்டின் சரித்திரம் முழுக்க, எல்லாம் புள்ளிக்குப் பின்னால் போய் ஒளிந்தன. இதை ஒழுங்குபடுத்தக் கிளம்பியவர்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வைக்கச் சொன்னார்கள். அந்த ஃபோல்டரின் பெயர் கான்ஃபிக். அதற்கும் முன்னால் ஒரு புள்ளி!

பைக்குக்கு இதில் வருத்தம் உண்டு. பெல் லேப்ஸ் குழுவினர் பின்னாளில் உருவாக்கிய பிளான் 9 அமைப்பில் எல்எஸ் எதையும் மறைப்பதில்லை. ஆனால் அதற்குள் உலகம் யூனிக்ஸ் வழியில் வெகுதூரம் போய்விட்டது.

சரி, இதனால நமக்கு என்ன? ஒரு உதாரணம். புது லேப்டாப் வாங்கினதும் பழையதில் இருந்து ஸ்டார் குறி போட்டு எல்லாவற்றையும் காப்பி பண்ணுகிறீர்கள். வழக்கமாக அந்த ஸ்டாரும் புள்ளிப் பெயர்களைத் தாண்டிப் போய்விடும். காப்பி முடிந்தது என்று நம்பிப் பழைய மெஷினை அழித்தால், சாவிகளும் செட்டிங்ஸும் அதோடு போச்சு.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். வெப் ஆப் செய்பவர்கள் டேட்டாபேஸ் பாஸ்வேர்டுகளைப் புள்ளி என்வ் என்ற ஃபைலில் வைப்பது வழக்கம். எல்எஸ்ஸில் தெரியாததால் அது இருப்பதே மறந்துபோகும். புராஜெக்டை அப்படியே இணையத்தில் ஏற்றினால் பாஸ்வேர்டும் கூடவே போகும். நமக்குத்தான் அது மறைவு, தேடி வருபவருக்கு அது ஒரு சாதாரண ஃபைல். சர்வருக்குள் நுழைந்த திருடர்களுக்கும் இந்த வித்தை தெரியும். மூன்று புள்ளி என்றே ஃபோல்டருக்குப் பெயர் வைத்து, அதற்குள் தங்கள் சாமான்களை ஒளித்துவைப்பது பழைய தந்திரம்.

தாம்ப்சனையும் ரிச்சியையும் இதற்காகத் திட்டிவிட முடியாது. 18 கிலோபைட்டில் தொடங்கி, நொடிக்கு 10 எழுத்து அடிக்கும் மெஷினில் வேலை செய்தவர்கள், அன்றைய வேலைக்குப் போதுமானதைச் செய்தார்கள். அந்த ஒரு வரி இத்தனை கோடி போன்களுக்குள் வந்து உட்காரும் என்று யாரால் ஊகித்திருக்க முடியும்? ஆனால் அதை இன்றைக்குப் பயன்படுத்துவது நாம். ஒரு பட்டியலில் எதைக் காட்டலாம், எதை விடலாம் என்று யாரோ ஒருவர் எப்போதோ முடிவு செய்திருக்கிறார். பேக்கப் எடுக்கும் முன்பும், கோடை இணையத்தில் ஏற்றும் முன்பும், எல்எஸ் மைனஸ் ஏ என்று ஒரு தடவை தட்டிப் பாருங்க. ஒரு நொடி வேலைதான்.

உங்க ஹோம் ஃபோல்டரில் எத்தனை புள்ளி ஃபைல் இருக்குன்னு எண்ணிப் பார்த்துட்டு எங்களுக்கும் சொல்லுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.